தினமும் ஜனவரி ஒன்று

அத்தியாயம் ஒன்று

செத்துப்போனவர்களைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்கள் நுனியில் உட்காருவார்கள். பதினோரு வருடத் தொழிலில் தபீதாள் கண்டுகொண்டது இது.

பொன்னியம்மாள் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழுப்பு உறை. அதைக் கொடுக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை என்பதுபோல் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். தபீதாள் இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் போர்டு மாட்டியவள். உதவிக்கு கைனாத். இருபத்தேழு வயது. பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தவள்; வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்ததும் சென்டரை மூடினாள். வாயை மட்டும் மூடவில்லை.

"எம்புள்ள உயிரோட கீறான் மேடம்," என்றாள் பொன்னியம்மாள். "மார்க்கு வாங்கிகினு கீறான். பாரு."

உறைக்குள் ஒரு மதிப்பெண் பட்டியல். நித்திலா கல்லூரி, இணையவழிக் கல்விப் பிரிவு, காட்டாங்குளத்தூர். கம்ப்யூட்டர் ஹார்டுவேரும் பழுது நீக்கலும், ஓராண்டுப் படிப்பு, 2006-2007. மாணவர் பெயர் மு. சிவகுமார். பன்னிரண்டு பாடங்கள். பதினொன்றில் தொண்ணூறுக்கு மேல். பன்னிரண்டாவதற்கு நேராக மட்டும் 'எழுதவில்லை' என்றிருந்தது.

கைனாத் எட்டிப் பார்த்தாள். "பதினொரு பாடத்துல தொண்ணூறா? என் மார்க்கை எல்லாம் சேர்த்துக் கூட்டினாதான்க்கா தொண்ணூறு வரும்."

பொன்னியம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது கேட்கவே இல்லை.

மாடம்பாக்கத்தில் பழைய குடும்பம் அவர்களுடையது. நெல் விளைந்த நிலம் மனையாகி, மனை வீடாகி, கணவர் முனிரத்தினம் இப்போது ஊரறிந்த மனை வியாபாரி. ஒரே பிள்ளை சிவகுமார். அவனுக்குக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்ப்பதில்தான் ஆசை. 2004 மார்ச் மாதம், ஒரு ராத்திரி.

"கையில ஒரு பேனாவ வச்சிகினு அப்பன் முன்னாடி வந்து நின்னான் மேடம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கத்துக்கப்போறேன்னு வாயெடுத்தான். அவ்ளோதான். ஊர் சிரிக்கப் போவுதுன்னு கத்திகினே அந்தப் பொட்டிய அப்படியே தூக்கி வராண்டாவுலருந்து வாசல்ல போட்டாரு. புள்ள ஒண்ணும் பேசல. விடிகாலைல பாத்தா ஆளக் காணோம்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"எழுதிக் குடுத்தோம். இருபது வயசுப் பையன், கோவம் தீந்தா வந்துருவான்னாங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்?"

"மறுநாளே காயலாங்கடையில போட்டுட்டாரு."

"இந்த மார்க் பட்டியலை உங்க வீட்டுக்காரர் பார்த்தாரா?"

பொன்னியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரோட பேசி மூணு வருசம் அஞ்சு மாசம் ஆவுது. சோறு ஆயிடுச்சின்னா செவுத்தப் பாத்துச் சொல்லுவேன். அவரும் காலைல பத்து மணிக்கு சைட் ஆபீசுக்குப் போனா சாய்ங்காலம்தான் வருவாரு."

பிறகு, ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் ஆடி மாசம் பீரோவத் தொறந்தா அவனோட பன்னெண்டாவது சர்ட்டிபிகேட்டக் காணோம். போவசொல்ல அத எடுத்துகினு போவல மேடம், எனக்கு நல்லாத் தெரியும். நான் இல்லாத நேரமா பாத்து வந்து எடுத்துகினு போயிருக்கான்."

"பூட்டை உடைச்சா?" என்றாள் கைனாத்.

"இல்ல, சாவி போட்டுதான். சாவி கீற எடம் அவனுக்குத் தெரியுமே. அன்னைலருந்து பகல்ல பின்கதவுக்குத் தாப்பா போடறதில்ல. மறுக்கா வந்தா..."

கைனாத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க கீறான்னு மட்டும் சொல்லு மேடம். கூட்டிகினு வரணும்னுகூட இல்ல. தூரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

*

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறி, அரை மணியில் காட்டாங்குளத்தூரில் இறங்கினார்கள். நித்திலா கல்லூரி ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. கல்லூரி என்றால் நான்கு கம்ப்யூட்டர், ஒரு குடிதண்ணீர்க் கேன், பொறுப்பாளர் லக்ஷ்மிநாராயணன்.

"இவ்ளோதானா கல்லூரி?" என்றாள் கைனாத். "பெஞ்சு எங்க சார்? மரத்தடி எங்க? லவ்வெல்லாம் எங்க பண்ணுவாங்க?"

"எல்லாம் ஆன்லைன்மா," என்றார் அவர், கோபிக்காமல். சிவகுமார் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க முதல் பேட்ச்சிலேயே பெஸ்ட் ஸ்டூடண்ட். நேர்ல ஒரு தடவைகூட வரலை. சர்ட்டிபிகேட் நகல் தபால்ல வந்தது. ஆனா நூத்தி நாப்பது சந்தேகம் கேட்டிருக்கார். ஒவ்வொண்ணும் 'ஐயா, வணக்கம்'னு ஆரம்பிக்கும். எனக்கு இருபத்தெட்டு வயசு மேடம். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது."

"பன்னிரண்டாவது பாடத்தை ஏன் எழுதலை?"

"அதான் புரியலை. ஜூன் ஒன்பதாம் தேதி பதினொண்ணாவதை முடிச்சார். அதுக்கப்புறம் உள்ள வரவே இல்லை. நானும் மூணு மெயில் போட்டேன்."

தபீதாள் உள்ளதைச் சொன்னாள்: ஒரு தாய், ஒரு பிள்ளை, மூன்றரை வருடம். லக்ஷ்மிநாராயணன் மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் தன் கம்ப்யூட்டர் திரையை அப்படியே படம்பிடித்து அனுப்ப வேண்டும். ஒரு வருடத்துப் படங்கள் வரிசையாக ஓடின. கைனாத் திடீரென்று மேசையைத் தட்டினாள்.

"நிறுத்துங்க சார். அக்கா, கீழ மூலையில தேதியைப் பாருங்க."

1 ஜனவரி 2003. நேரம் 12:20. அடுத்த படம்: 1 ஜனவரி 2003, நேரம் 12:47. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. ஆகஸ்டில் அனுப்பியதும் ஜனவரி ஒன்று, பொங்கலுக்கு அனுப்பியதும் ஜனவரி ஒன்று.

"இந்த ஆளுக்கு வருஷம் பூரா ஹேப்பி நியூ இயர்," என்றாள் கைனாத்.

"எதனால அப்படி வருது?"

"மதர்போர்டுல காசு சைஸுல ஒரு பேட்டரி இருக்கும்க்கா. கரண்ட் இல்லாத நேரத்துல தேதியை ஞாபகம் வச்சிக்கிறது அதுதான். அது செத்துட்டா, கரண்ட்டை எடுத்துட்டுத் திரும்பப் போடற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் தான் பொறந்த வருஷத்து ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் கண்ணு முழிக்கும்."

"பிளக்குல கரண்ட் இருந்துகிட்டே இருந்தா?"

"தேதி தன்னால ஓடும்."

"அப்ப யாரோ தினமும் மெயினை அணைச்சிட்டுப் போறாங்க," என்றாள் தபீதாள். "வீட்டுல யாரும் அதைச் செய்யமாட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல பால் கெட்டுப்போயிடும். இது வீடு இல்லை."

லக்ஷ்மிநாராயணனுக்கு வேறொரு குழப்பம். "வேடிக்கை என்னன்னா, மூணாவது பாடமே அந்த பேட்டரியை மாத்தறதுதான். அதுல அவர் தொண்ணூத்தேழு மார்க்."

"கஞ்சனா இருப்பான். இருபத்தஞ்சு ரூபா ஆகுமே," என்றாள் கைனாத்.

தபீதாள் பதில்களைக் கேட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தது. கைனாத் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். கேள்வி: மதர்போர்டில் ராம் எங்கே இருக்கிறது?

"'மேற்படி ராமுக்கு நான்கெல்லையாவது: மேற்கில் பிராசசர், கிழக்கில் போர்டின் ஓரம், வடக்கில் மின்சாரம் சொருகும் இடம், தெற்கில் ஹார்டு டிஸ்க் கேபிள் சொருகும் இடம். இதற்குட்பட்டது இரண்டு ஸ்லாட்.' அக்கா, இவன் பரீட்சை எழுதலை. பத்திரம் பதிவு பண்ணியிருக்கான்!"

வைரஸ் சோதனை செய்து முடிவை எழுதுக என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: 'மேற்படி டிஸ்க்கில் வில்லங்கம் ஏதுமில்லை.'

கைனாத் விழுந்து விழுந்து சிரித்தாள். லக்ஷ்மிநாராயணனும் சிரித்தார். தபீதாள் மட்டும் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்துக்குப் போடுகிற வார்த்தைகளைக் கொண்டுபோய் ஒரு இயந்திரத்துக்குப் போட்டிருக்கிறான் ஒருவன். அவனிடம் வேறு வார்த்தைகள் இல்லை. இருக்கிற வார்த்தைகளை வைத்துக்கொண்டு, தெரியாத ஒரு ஊருக்குள் தட்டுத்தடுமாறி நடந்திருக்கிறான்.

*

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஒரு கடையில் நுழைந்து கைனாத் அந்தக் காசு பேட்டரி ஒன்றை வாங்கி பர்சில் போட்டுக்கொண்டாள். "கேஸ் முடிஞ்சதும் அந்தக் கஞ்சனுக்கு என் கையால பரிசு."

ரயில் வண்டலூரைத் தாண்டியதும் கைனாத் அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க மூஞ்சியைப் பாத்தா ஆளைக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு. ஆனா சந்தோஷமா இல்லையே?"

"இருபத்துமூணு வயசுப் பையன் நான்கெல்லைன்னு எழுதுவானா கைனாத்?"

கைனாத்தின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"பத்திர பாஷை தெரிஞ்ச ஆள். சாயங்காலம் மெயினை அணைச்சிட்டுப் பூட்டுற இடம். பீரோ சாவி இருக்கிற இடமும் தெரியும். பொன்னியம்மா நமக்கு எல்லாத்தையும் காலையிலேயே சொல்லிட்டாங்க. அவங்களுக்குத்தான் சொன்னது தெரியலை."

"அய்யோ," என்றாள் கைனாத். "அப்ப அந்தப் பின்கதவு?"

தாம்பரம் வந்தது. தபீதாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

அகரம்தென் சாலையில் ஒரு அலங்கார வளைவு. அதன்மேல் பாதி உதிர்ந்த எழுத்தில் ஒரு நகரின் பெயர். உள்ளே அறுபது வீடுகள். மாடியில் துணி காய்ந்தது. விற்க ஒரு மனைகூட மிச்சமில்லை. ஆனால் முகப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சைட் ஆபீஸ் மட்டும் இன்னும் நின்றது. அதற்குள் ஒரு டெலிபோன் கம்பி போயிற்று.

"எல்லாம் வித்துப்போச்சும்மா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "மனை ஒண்ணும் இல்ல."

"மனை வாங்க வரலைங்க," என்றாள் தபீதாள். "மு. சிவகுமாரைப் பார்க்க வந்தோம். பதினொரு பாடத்துல தொண்ணூறுக்கு மேல வாங்கினவரை."

முனிரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர். மேசையில், பக்கவாட்டு மூடி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் நின்றது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. வராண்டாவிலிருந்து விழுந்த மூலை.

"யாரு சொன்னது?"

"உங்க ராமோட நான்கெல்லை சொல்லிச்சு சார்," என்றாள் கைனாத். ஆனால் அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். யாராவது கேட்கமாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவர்போல், கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"போறதுக்கு முன்னால நாலு நாளா எதையோ டைப் அடிச்சிகினே இருந்தான். எங்க போனான்னு இதுக்குள்ளதான் கீதுன்னு மறுநாளே தோணிச்சி. காயலாங்கடையில போட்டேன்னு வூட்டுல சொல்லிட்டு, தூக்கிகினு கடை கடையா அலைஞ்சேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், ரிச்சி தெரு. பதினாலு கடைம்மா. பதினாலு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னான். ஃபார்மட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும். உள்ள இருக்கறது இன்னா ஆவும்னு கேட்டா, போயிடும்னான்."

"நம்ம ஊர்ல தலைவலிக்கும் அதான் வைத்தியம்," என்று முணுமுணுத்தாள் கைனாத்.

"எனக்கா தெரியாது அது? நெல்லு, வரப்பு, கெணறு, மரம், எல்லாத்து மேலயும் புல்டோசர வுட்டு சமமா இழுத்துட்டு மனைன்னு வித்தவன் நான். ஃபார்மட்டுன்னா இன்னான்னு எனக்குப் பாடம் எடுக்க வேணாம்." கண்ணாடியைத் துடைத்தார். "எவன் கையிலயும் குடுக்கக் கூடாது, நாமளே கத்துக்கணும்னு முடிவு பண்ணேன். நான் எட்டாவது. படிப்புக்குப் பன்னெண்டாவது பாஸ் கேட்டான். அதான் அவன் சர்ட்டிபிகேட்ட எடுத்தேன். அவன் டிஸ்க்கக் கயட்டி வச்சிட்டு, இதே பொட்டியில வேற டிஸ்க்கு போட்டுப் படிச்சேன்."

"பேட்டரியை மட்டும் ஏன் சார் மாத்தலை?" என்றாள் கைனாத். "மூணாவது பாடத்துல தொண்ணூத்தேழு வாங்கியிருக்கீங்களே."

அவர் திரையைப் பார்த்தார். "மாத்தினா இன்னைய தேதி வந்துடும்மா. இது தினமும் ரெண்டாயிரத்து மூணுலதான் எழுந்திருக்குது. அதுல எம்புள்ள வூட்டுல கீறான். இதுல இப்பத்தான் விடியுது. இந்நேரம் எழுந்து பல் வெளக்கிகினு இருப்பான்."

கைனாத் பர்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டிஸ்க்கைத் திறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் தபீதாள். "உள்ளே என்ன இருந்தது?"

அதற்கு அவர் எழுந்து போய், இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பட்டுத்துணி மூட்டையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க்.

"இது அவனோட டிஸ்க்கு, நாப்பது ஜி.பி. இதுல இருக்கறத எடுத்து வைக்க புதுசா ஒண்ணு வாங்கினேன். அதுவும் நாப்பது. புதுச மொதல்ல ஃபார்மட் பண்ணாதான் அதுல எழுத முடியும். பாடத்துலயே கீது. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்னு மொத பாடத்துல சொல்லிக் குடுத்தாங்க. நான் கேக்கல. ஒரு வருசம் காத்துகினு இருந்தேன் பாரு, அவசரம். ரெண்டையும் ஒண்ணா மாட்டிட்டேன். ஸ்கிரீன்ல ரெண்டும் பேரில்லாம, ஒரே அளவா, பக்கத்துப் பக்கத்து மனை மாதிரி நின்னுது. ஒண்ண அழுத்தினேன்."

கூரைக்கு மேலே மீனம்பாக்கம் போகும் விமானம் ஒன்று தாழ்ந்து கடந்தது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"பதினோரு செகண்டு. பதினாலு கடைக்காரங்கிட்டருந்து காப்பாத்துன பொருளு. என் கையிலருந்து காப்பாத்த முடியல."

ஜூன் ஒன்பது. அதன்பிறகு அவர் ஏன் பாடத்தின் பக்கமே போகவில்லை என்பது தபீதாளுக்குப் புரிந்தது. தினமும் பத்து மணிக்கு இங்கே வந்து, ஜனவரி ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உங்க மார்க் பட்டியல் வீட்டுக்கு வந்திருக்கு," என்றாள் மெதுவாக. "சேரும்போது பையன் விலாசம்னு நீங்க குடுத்த வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. உங்க வீட்டம்மா கையில கிடைச்சிருக்கு."

அவர் முகத்தில் ரத்தமில்லை. "அவன் படிக்கிறான்னு நெனச்சிகினு கீறாளா?"

"உயிரோட இருக்கான்னு நினைக்கிறாங்க. சர்ட்டிபிகேட்டை அவன்தான் வந்து எடுத்துட்டுப் போனான்னு, பின்கதவைத் திறந்தே வச்சிருக்காங்க."

"அப்படியே இருக்கட்டும்மா. நீ ஒண்ணும் சொல்லாத. கண்டுபுடிக்க முடியலன்னுடு. நான் பன்னெண்டாவதும் எழுதிடறேன். மேல படிக்க ஏதாச்சும் இருந்தா அதையும் படிக்கிறேன். வருசா வருசம் அவளுக்கு மார்க்கு வரும்."

 இருபது வருடம் வெளியூர் ட்ரங்க் கால்களுக்குக் கனெக்ஷன் கொடுத்தவள் தபீதாள். பிறந்த சேதி, செத்த சேதி, இரண்டும் ஒரே ஒயரில்தான் வரும். ஆபரேட்டர் காதில் விழும். ஆனால் நடுவில் நிறுத்திவைக்க அவளுக்கு உரிமை இல்லை.

"முடியாதுங்க," என்றாள். செல்போனை எடுத்து பொன்னியம்மாளை வரச் சொன்னாள்.

அவள் பேசி முடித்தபோது, கைனாத் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஒரு விஷயம். பன்னெண்டாவது பாடத்தோட பேர் என்ன?"

"டேட்டா ரெக்கவரி. நான் தொறக்கல. எல்லாம் போனப்புறம் எதுக்கு?"

"நீங்க படிச்ச பதினொண்ணும் ஒரு பக்கம், அந்த ஒண்ணு ஒரு பக்கம்." கைனாத் டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். "நீங்க செஞ்சது மேலோட்டமான ஃபார்மட் சார். பத்திரப் பதிவு ஆபீஸ்ல ரிஜிஸ்தர் எரிஞ்சு போச்சுன்னா நிலம் காணாமப் போயிடுமா? நிலம் அங்கேயேதான் கிடக்கும். எது யாருதுன்னு சொல்ற புஸ்தகம்தான் இல்லை. இந்த டிஸ்க்கு மேல அப்புறம் எதாவது எழுதினீங்களா? புது வீடு கட்டினீங்களா?"

"இல்லம்மா. அன்னைக்கே கயட்டி, துணியில சுத்தி வச்சிட்டேன்."

"அந்தத் துணிக்கு நூறு மார்க்," என்றாள் கைனாத்.

*

பென் டிரைவிலிருந்து கைனாத் ஒரு மென்பொருளைப் போட்டாள். சிவாவின் டிஸ்க்கை மாட்டியது முனிரத்தினம்தான். பிளக்கைப் பிடுங்கி, உடம்பு மின்சாரம் இறங்கப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கேபிளை ஒரே அழுத்தில் பொருத்தினார். அந்தத் தடித்த விரல்கள் அத்தனை மெதுவாக நகரும் என்று தபீதாள் எதிர்பார்க்கவில்லை. திரை விழித்ததும், தேதி தப்பு என்று இயந்திரம் முறையிட்டது. பார்க்காமலே ஒரு விசையைத் தட்டி அதை அடக்கினார். தினமும் செய்வது.

பச்சைக்கோடு எறும்புபோல் ஊர்ந்தது. மூன்று சதவீதத்தில் இருந்தபோது ஷேர் ஆட்டோ ஒன்று வளைவில் வந்து நின்றது.

பொன்னியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதலில் கணவரைப் பார்க்கவில்லை. நசுங்கிய அந்த மூலையைத்தான் பார்த்தாள். காயலாங்கடையில் போட்டதாகச் சொன்ன பெட்டி.

தபீதாள் வெளியே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. மார்க் சிவாவுடையது இல்லை. சர்ட்டிபிகேட்டை எடுத்தது சிவா இல்லை.

"அப்ப அவன் வரவே இல்ல," என்றாள் பொன்னியம்மாள்.

"வரலைம்மா."

"ஒரு நாளுகூட."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். உள்ளே முனிரத்தினம் சுவரைப் பார்த்து நின்றார். மூன்றரை வருடமாக அவள் சோறு ஆயிற்று என்று சொன்ன சுவர் இல்லை இது. ஆனாலும் அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

இரண்டு மணி நேரம் போயிற்று. பச்சைக்கோடு முடிந்தபோது திரையில் வரிசையாக எண்கள் மட்டும் வந்தன. பெயர்கள் எல்லாம் அழிந்திருந்தன. கைனாத் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு பாட்டு. பாதி கிழிந்ததுபோல் ஒரு கிரிக்கெட் படம். வெறும் குப்பை. இன்னொரு பாட்டு. நாற்பத்தொன்றாவது எண்ணைத் திறந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

அது ஒரு விண்ணப்பம். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிலையம். விலாசம், போன் எண் எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டர் ஹார்டுவேர், ஆறு மாதம், ஹாஸ்டல் உண்டு. மாணவர் பெயர் மு. சிவகுமார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று அடித்திருந்தான். தேதி: 11.03.2004. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

கடைசியில் ஒரு கோடு. 'பெற்றோர் கையொப்பம்.' அதற்குமேல் வெறுமை.

முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டைப் படித்தார். மறுபடி படித்தார்.

"பேனா," என்றார்.

கைனாத் மேசைமேல் பேனாவைத் தேடினாள்.

"பேனாவோட வந்து நின்னான். நான் இன்னான்னே கேக்கல. ஊர்ல எவன் எவன் பத்திரத்துலயோ கையெழுத்து போட்டிருக்கேன். ஆயிரம் போட்டிருப்பேன். எம்புள்ள ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தான்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. "ஓடிப்போவ வரலம்மா அவன். என்னக் கேட்டுட்டுப் போவத்தான் வந்தான்."

பொன்னியம்மாள் எப்போது எழுந்து வந்தாள் என்று தபீதாள் பார்க்கவில்லை. அவள் திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. கீழ்மூலையில் இருந்த எண்களை விரலால் தொட்டாள்.

"இது இன்னா வருசம்?"

"ரெண்டாயிரத்து மூணும்மா," என்றாள் கைனாத். "பேட்டரி செத்துடுச்சு. சார் மாத்தலை. ஏன்னா..." முடிக்க முடியவில்லை.

முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. பொன்னியம்மாள் அந்த எண்களையே வெகுநேரம் பார்த்தாள். அந்த வருசத்தில் பிள்ளை வீட்டில் இருந்தான் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, சுவரை விட்டுவிட்டு, கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"பேட்டரிய மாத்துய்யா."

மூன்று வருடம் ஐந்து மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. முனிரத்தினம் தலையை ஆட்டினார். மாட்டேன் என்றா, சரி என்றா, தெரியவில்லை.

"மாத்து. அவன் அங்க இல்ல. இன்னைக்கு எங்க கீறான்னு தேடணும்."

கைனாத் பர்சைத் திறந்தாள். காலையில் கேலிக்கு வாங்கிய அந்தப் பேட்டரியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.  

விண்ணப்பத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். அவர் பிளக்கைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டு, செத்த பேட்டரியை நெம்பி எடுத்து, புதியதை எழுத்து மேலே தெரியும்படி வைத்து அழுத்தினார். தொண்ணூற்றேழு மார்க் வாங்கிய கை. திரும்பவும் கரண்ட்டைப் போட்டதும் நீலத்திரையில் தேதியைக் கேட்டது. நாளை மாற்றினார். மாதத்தை மாற்றினார். வருடத்தில் விசையை ஒருமுறை தட்டினார்.

2004.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"போய்யா," என்றாள் பொன்னியம்மாள், அவர் தோளில் கைவைத்து. "தாண்டிப் போ."

2005. 2006. 2007.

தபீதாள் வாசலுக்கு வந்து, கோயம்புத்தூர் எண்ணை ஒவ்வொரு எண்ணாக, ஆபரேட்டர் காலத்துப் பழக்கத்தில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு, வெகுதூரத்தில், மணி அடிக்கத் தொடங்கியது.